அடியில் தங்கும் மருந்து

“ரத்தம் இல்லாத புள்ளகிட்டேருந்து ரத்தம் எடுக்கப் போறாங்களாம்! இந்த அநியாயத்த எங்க போயி சொல்ல!”

கொல்லையில் வாழைமரத்தடியில் நின்றுகொண்டு பொன்னுத்தாய் உரக்கச் சொன்னாள். சொன்னது வாழைக்கு இல்லை. அடுப்படியில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி செம்மொழிக்குத்தான். அது செம்மொழிக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

“ரத்தத்த எடுக்கறது இல்ல அண்ணி. அதுலேருந்து ஒரு அணுவை மட்டும் பிரிச்சு எடுப்பாங்க. மிச்ச ரத்தம் திரும்ப அவளுக்கே வந்துடும்...”

“ஆமா, வந்துட்டா பெரிய டாக்டரு! பதிமூணு வருசமா ஊரான் ரத்தத்த ஏத்தி ஏத்திக் காப்பாத்தி வச்சிருக்கோம். இப்ப இருக்கறதையும் உறிஞ்சிட்டு வரதுக்கு மெட்ராசுக்கு இழுத்துட்டுப் போற. நீயெல்லாம்...”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் செம்மொழிக்குச் சுருக்கென்று தைத்தது.

இளவழகன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். அக்காவும் பெண்டாட்டியும் பேசுகிற இடத்தில் அவனுக்கு எப்போதும் வெளியே ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். அறுவடை மிஷின் ஓட்டுகிறவன்; எத்தனை பெரிய சத்தத்திலும் உட்கார்ந்திருப்பான். இந்தச் சத்தம் மட்டும் அவனுக்கு ஆகாது.

செம்மொழிக்கு வாயே கிடையாது என்று வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பேச்சு. வாய் இருந்தது. திறக்கத்தான் நேரம் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் இருந்தாக வேண்டும். மகளிர் குழு மூலமாகக் கிடைத்த வேலை. சின்னப் பிள்ளைகளுக்குக் காலை உணவு. ரவை உப்புமா, பொங்கல், கிச்சடி என்று ஊர்ப் பிள்ளைகள் நாற்பது பேருக்குக் கிண்டி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், தன் பிள்ளை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

மகள் வானதிக்குப் பிறந்த எட்டாம் மாதத்திலேயே தெரிந்துபோனது. தலசீமியா. உடம்பு தானாக நல்ல ரத்தத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாத பரம்பரை நோய். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பேருடைய கோளாறும் சேர்ந்து அந்தப் பிஞ்சின் தலையில் விடிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் வரும். வெளியே போக வழி தெரியாமல் அது ஈரலிலும் இருதயத்திலும் போய்ப் படியும். அதை வெளியேற்றத்தான் தினமும் விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் குடிக்க வேண்டும். குடித்த பிறகு டம்ளரின் அடியில் கொஞ்சம் தங்கும். அதிலும் தண்ணீர் விட்டு அலசிக் குடித்தால்தான் முழு மருந்தும் உள்ளே போகும்.

செம்மொழி அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். மருந்து கொடுப்பது அத்தை பொன்னுத்தாயின் பொறுப்பு. “அடியில தங்கறதையும் அலசிக் குடுத்துடுங்க அண்ணி” என்று தினமும் படலைத் திறக்கும்போது சொல்லிவிட்டுப் போவாள். “தெரியும் தெரியும், போ” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

பொன்னுத்தாய் பால்வாடியில் ஆயா. இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். வெளுத்துப்போய் வருகிற பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சிவப்புச் சத்து மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் எதிரே நின்று வாயைப் பார்ப்பாள். “இரும்புச்சத்து இல்லாட்டி ரத்தம் எங்கேருந்துடி ஊறும்?” என்பதுதான் அவள் மந்திரம். அப்படிப் பிழைத்து எழுந்த பெண்கள் எத்தனையோ பேர் அந்த ஊரில் இருந்தார்கள்.

மருந்து குடுத்தாச்சு என்று பொன்னுத்தாய் சொல்லிவிட்டாள்; சோறும் கட்டியாயிற்று. புறப்படுகிற நேரத்தில் பொன்னுத்தாய் ஓடிவந்து வானதியை இழுத்து அணைத்துக்கொண்டாள். நெற்றியில் திருநீறு பூசி, காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். வானதி தலையாட்டியது.

“பத்திரமா கூட்டிட்டு வா” என்று செம்மொழியைப் பார்க்காமலேயே சொன்னாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்த அழுகையில் பொய் ஒன்றும் இல்லை. அதைச் செம்மொழியால் எந்தக் காலத்திலும் மறுக்க முடிந்ததில்லை.

சென்னையின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்ட சிலரில் வானதியும் ஒருத்தி. இடம் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது. டாக்டரம்மா பொறுமையானவர்.

“நெல்லு வெளையற ஊருதானே உங்களுது? வெதநெல்லுன்னு நெனச்சுக்கங்க. ரத்தத்தை உண்டாக்கற ஸ்டெம் செல் இவ எலும்புக்குள்ள இருக்கு. ஊசி போட்டு அதை வெளியில வரவச்சு, மிஷின்ல பிரிச்சு எடுப்போம். அதுல இருக்கற மரபணுத் தப்பை லேப்ல திருத்துவாங்க. அப்புறம் பழசை மருந்து குடுத்து அழிச்சிட்டு, திருத்தினதை இவளுக்கே திரும்ப ஏத்துவோம். சரியா வந்துச்சுன்னா ரத்தம் ஏத்தற வேலையே இருக்காது.”

ரத்தம் ஏற்றுகிற வேலையே இருக்காது! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் செம்மொழி இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள்.

ஊசியைத் தொடங்குவதற்கு முன்னால் ஈரலை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவுக்காக வெளியே உட்கார்ந்திருந்தபோது வானதி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. இளவழகன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான்.

“அம்மா... அந்த மிஷின்ல எல்லாமே தெரிஞ்சிடுமா?”

“என்னடி தெரியும்?”

“உள்ள போனதெல்லாம்... சாப்புட்டது, சாப்புடாதது...”

செம்மொழி மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“அத்தை சத்தியம் வாங்கியிருக்கும்மா. அந்த வெள்ளை மாத்திரையை அது குடுக்கறதே இல்ல. கலக்கி வாழைக்கு ஊத்திடும். அதுக்குப் பதிலா பால்வாடி மாத்திரை தரும்... செவப்பு. ஒரு வருசமா. ‘ஊரே இரும்புச்சத்து வேணும்னு கெடக்கு, உங்கம்மா இருக்கற இரும்பையும் வெளிய தள்ளப் பாக்குறா, அவளுக்குத் தெரியல’ன்னு சொல்லும். எனக்கும் நல்லதுன்னுதான்...”

ஒரு வருஷம்! முன்னூறு விடிகாலை! படலைத் திறக்கும்போது “அலசிக் குடுத்துடுங்க அண்ணி” என்று தான் சொன்னதும், “தெரியும் போ” என்று அவள் சொன்னதும் திரும்பத் திரும்பக் கேட்டது. ‘இது இரும்பை வெளியேத்தற மாத்திரை அண்ணி’ என்று சொல்லிக் கொடுத்தது யார்? தான்தானே? ஏன் வெளியேற்ற வேண்டும் என்று உட்காரவைத்துச் சொன்னோமா? ஓடுகிற ஓட்டத்தில் சொன்னோம்!

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவின் முகம் சரியில்லை.

“ஈரல்ல இரும்பு ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. இந்த நெலமையில, பழசை அழிக்கக் குடுக்கற கடுமையான மருந்தை இவ ஈரல் தாங்காது. அதனால செல் எடுக்கற வேலையை இப்ப தொடங்க முடியாது. மாத்திரை போகவே இல்லைங்கற மாதிரி இருக்கு... யாரு குடுக்கறது?”

இளவழகன் பெண்டாட்டியைப் பார்த்தான். வானதி வாயைத் திறந்தது. செம்மொழி அதன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

“நான்தான் டாக்டர். தெனமும் மாத்திரைய எடுத்து வச்சுட்டுப் போகணும். வேலைக்கு ஓடற அவசரத்துல... நெறைய நாள் விட்டுப்போச்சு.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால், யோசித்துச் சொன்னதில்லை. இளவழகனுக்கு ஆறு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனார்கள். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாரிடம், “என் தம்பியையும் சேத்துக் கூட்டிட்டுப் போவீங்களா?” என்று கேட்டவள் பொன்னுத்தாய். அவர்கள் திரும்பி வரவில்லை. அப்புறம் அவள் எவன் முன்னாலும் போய் நிற்கவே இல்லை. சேற்றில் குனிந்து நாற்று நட்டு, களை பறித்து, அவனை ஆளாக்கினாள். அவளால்தான் மகளின் வாழ்வு போனது என்று இவன் காதில் விழுந்தால், இவன் என்ன ஆவான்? அந்த வார்த்தையைத் தம்பி வாயால் கேட்டால், அவள் இருப்பாளா? ஒரு தடவை அவன் குரலை உயர்த்தியதற்கே மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவள்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் இளவழகன் வெடித்தான்.

“ஊரான் புள்ளைக்கு ஒரு நாளு உப்புமா தவறல! பெத்த புள்ளைக்கு மாத்திரை மறந்துபோச்சா? ரெண்டு வருசம் காத்திருந்து கெடச்ச எடம்டி! நீ ஒரு தாயா? சொல்லு... நீ ஒரு தாயா?”

இரும்பு இறங்கினால் எட்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் அந்த வீட்டுக்குப் பிள்ளையை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? காரணம் சொல்லாமல் அத்தையிடமிருந்து பிள்ளையை எப்படிப் பிரிப்பது?

“நான் ஊருக்கு வரலைங்க. இங்கயே ஒரு ரூம் பாத்துப் புள்ளைய வச்சுக்கறேன். எறங்கற வரைக்கும்.”

“மூஞ்சியக் காட்ட முடியலியோ? இரு... இங்கயே இரு!” என்றான். அன்றைக்கே தனியாக ரயிலேறிப் போய்விட்டான்.

பொன்னுத்தாயிடமாவது சொல்லிவிடலாம் என்று மறுநாள் போன் போட்டாள். எடுத்ததுமே அந்தப் பக்கம் அழுகை. “புள்ள எப்புடிடி இருக்கு? எனக்குச் சோறு எறங்கலடி... நீ மறந்துட்டியாமே? நீ ஒரு நாளும் எடுத்து வைக்காம போனதில்லியேன்னு தம்பிகிட்ட சொல்லத்தான் வாய் வந்துச்சு... அந்த மாத்திரை ஆகாதுன்னு நிறுத்திட்டேன்னு சொன்னா அவன் கத்துவான்னு சொல்லல. நீ சொல்லிடாதடி! மாத்திரையால ஒண்ணும் இருக்காது. அந்த டாக்டருங்களுக்குத் தெரியல...”

தான் செய்ததுதான் வினை என்று அந்த மனுஷிக்குத் தெரியவே தெரியாது! தம்பி திட்டுவானே என்ற பயம் மட்டும்தான் அவளுக்கு. செம்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். “சொல்ல மாட்டேன் அண்ணி” என்று போனை வைத்தாள்.

எட்டு மாதம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை. பக்கத்து மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலை. வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சின்ன பம்ப் வழியாக இரும்பை வெளியேற்றும் மருந்து மணிக்கணக்கில் இறங்கும். செருகுகிற ஒவ்வொரு தடவையும் வானதி உதட்டைக் கடித்துக்கொள்ளும். செம்மொழி பார்த்துக்கொண்டு இருப்பாள். பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? வலியைப் பங்கு போட்டுக்கொள்ள முடியுமா, என் ஈரலை வைத்துக்கொள் என்று கழற்றிக் கொடுக்க முடியுமா? இளவழகன் மகளுக்குப் போன் செய்வான். “அம்மாகிட்ட குடுக்கவாப்பா?” என்று அது கேட்டால், “வேலை இருக்கும்மா” என்று வைத்துவிடுவான். மகளைத் தூக்கிக்கொண்டு பட்டணத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்று ஊரிலிருந்து சேதி வந்தது.

அத்தையின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று மகளிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். “நீ அழறியேம்மா” என்று அது ஒருநாள் சொன்னது. “வெங்காயம்டி” என்றாள்.

மாசி மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். இரும்பு இறங்கியிருந்தது.

ஐந்து நாள் ஊசி. இரண்டாவது நாளே, “எலும்பெல்லாம் கொடையுதும்மா, முதுகுக்குள்ள யாரோ இடிக்கற மாதிரி இருக்கு” என்று வானதி சுருண்டு கிடந்தது. எலும்புக்குள்ளிருந்து செல்கள் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். செம்மொழி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவினால் அது போகாது என்று தெரிந்தும் தடவினாள்.

செல் எடுக்கிற அன்று அப்பாவின் கையெழுத்தும் வேண்டுமென்று சொல்லிவிட்டார்கள். அறுவடை மும்முரத்தில் மிஷினை வேறு ஆளிடம் விட்டுவிட்டு இளவழகன் வந்தான். கூடவே, சொல்லாமல் கொள்ளாமல் பொன்னுத்தாயும். எட்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். வானதியின் கழுத்து நரம்பில் செருகியிருந்த குழாயைப் பார்த்ததும், “அய்யோ என் தங்கமே!” என்று வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டாள்.

மிஷின் ஓடியது. ஒரு குழாயில் ரத்தம் போய், உள்ளே சுற்றி, மறு குழாயில் திரும்பி வந்தது. மேலே தொங்கிய சின்னப் பையில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஏதோ சேர்ந்தது.

“தக்காளி ரசம் மாதிரி இருக்கே... இதுக்கா இத்தன பாடு?” என்றாள் பொன்னுத்தாய்.

“இதுக்குத்தாம்மா” என்று நர்ஸ் ஷமீரா சிரித்தாள். நாகூர்ப் பெண், ஊர்ப் பக்கத்துப் பேச்சுக் கேட்டால் நின்று பதில் சொல்லுவாள். “உதடு மரமரங்குதா வானதி? கால்சியம் ஏத்திருக்கேன், சரியாயிடும். அசையாம படு கண்ணு.”

பொன்னுத்தாய் மெதுவாக நர்ஸ் பக்கத்தில் நகர்ந்தாள். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவிழ்த்தாள். அட்டை அட்டையாகச் சிவப்பு மாத்திரைகள்.

“ஏம்மா நர்ஸம்மா... இவ்வளவு எடுக்கறீங்களே, இப்பவாச்சும் புள்ளைக்கு இரும்புச்சத்து குடுக்கலாம்ல? நான் வீட்டுல குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஒரு வருசம் போல. இங்க வந்தப்புறம் விட்டுப்போச்சு. ஆறு மாசத்துக்குக் கொண்டாந்திருக்கேன்.”

ஷமீராவின் சிரிப்பு அப்படியே நின்றது.

“என்னது? இவளுக்கா? இரும்பு மாத்திரையா? அய்யோ அல்லா! இது இவளுக்கு வெஷம் மாதிரிம்மா! ஒவ்வொரு தடவ ரத்தம் ஏத்தறப்பவும் இரும்பு சேந்துக்கிட்டே இருக்கு. அதுக்கு மேல இதையும் குடுத்தா? போன தடவை செல் எடுக்காம திருப்பி அனுப்பினதே ஈரல்ல இரும்பு ஏறிப்போச்சுன்னுதானே... அப்ப அந்த வெள்ளை மாத்திரை? கரைச்சுக் குடிக்கறது?”

“அத... அத நான் நிறுத்திட்டேன். அது இரும்ப எடுத்துடும்னு...”

சொல்லிக்கொண்டே வந்த பொன்னுத்தாயின் குரல் பாதியில் அறுந்தது. கையிலிருந்த அட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. இளவழகன் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்ப... போன தடவை... நான்தானா?” அவள் செம்மொழியின் பக்கம் திரும்பினாள். “ஏன்டி... நான்தானா? அந்த மாத்திரையால ஒண்ணும் இல்லன்னு இருந்தேனே... நீயும் சொல்லலியே?”

கட்டிலிலிருந்து வானதிதான் சொன்னது, தலையைக் கூட அசைக்க முடியாமல்.

“அம்மாவுக்குத் தெரியும் அத்தை. நான் ஸ்கேன் அன்னிக்கே சொல்லிட்டேன். உன் பேரைச் சொல்லக்கூடாதுன்னு அம்மாதான்...”

“எட்டு மாசமாவா?” பொன்னுத்தாய் தன் தலையில் அடித்துக்கொண்டாள். “எட்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டா என் பாவத்த நீ சொமந்த? ஊரு உன்னத் துப்புச்சே... நானும் துப்பினேனேடி! என் தங்கத்துக்கு நானே வெஷம் வச்சிருக்கேனே! இருபத்திரண்டு வருசமா ஊருப் புள்ளைக்கெல்லாம் மாத்திரை குடுத்த கை...”

அவள் காலில் விழப்போனாள். செம்மொழி தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணி! ஆஸ்பத்திரியில என்ன இது... நீங்க வேணும்னா செஞ்சீங்க? நல்லா ஆகணும்னுதானே செஞ்சீங்க? நானும் ஒரு நாளு ஒக்காந்து வெவரமா சொல்லலியே...”

இளவழகன் கிட்டே வந்தான். “செம்மொழி” என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உடைந்தது. எட்டு மாதமும் வெங்காயத்தின் மேல் போட்ட பழி எல்லாம் சேர்ந்து வந்தது.

“நீ ஒரு தாயான்னு கேட்டீங்களே... கேட்டீங்கல்ல? கேட்டுட்டுப் போயிட்டீங்க! எட்டு மாசம்! ஒரு போன்... ‘சாப்புட்டியா’ன்னு ஒரு வார்த்த! உங்க அக்கா உங்களுக்கு அம்மான்னா, நான் யாருங்க? நான் யாரு உங்களுக்கு?”

அவன் கைலியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, தரையில் கிடந்த மாத்திரை அட்டைகளைப் பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டே அழுதான். வேலை ஏதும் சொல்லி வெளியே போய்விடவில்லை. அந்த ஒரு தடவை அவன் அங்கேயே இருந்தான். செம்மொழி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போயி டீ வாங்கிட்டு வாங்க. அண்ணி காலையிலேருந்து வெறும் வயிறு.”

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் செல்களின் எண்ணிக்கை வந்தது, ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லியன் என்ற கணக்கில். பத்து வேண்டிய இடத்தில் மூன்று. மறுநாளும் அதேபோல ஆறு மணி நேரம் படுக்கவைத்து எடுத்தார்கள். இரண்டரை. மூன்றாம் நாள் எடுக்க முடியாது, ரத்தத்தட்டுகள் குறைந்துவிட்டன, ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

“அஞ்சரை இருக்கு. இதை உறைய வச்சிடுவோம், வீணாகாது. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துப் பாப்போம்.”

“என்கிட்டேருந்து எடுத்துக்கங்க டாக்டரம்மா!” பொன்னுத்தாய் சேலையை ஒதுக்கிக் கையை நீட்டினாள். “எத்தன பாட்டில் வேணும்? நடவு நட்ட ஒடம்பு, தாங்கும். எலும்புலேருந்து எடுங்க, எங்கேருந்து வேணும்னாலும் எடுங்க...”

“ஆகாதும்மா.” டாக்டரம்மா அந்தக் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். “இந்த வைத்தியத்துக்கு அவளோடதுதான் வேணும். உங்களோடதும் ஆகாது, அவங்க அம்மாவோடதும் ஆகாது.”

மூன்று பெரியவர்கள் நின்றார்கள். மூன்று பேர் உடம்பிலும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தோரு கிலோ எடையுள்ள அந்தப் பெண் தனியாகக் கிடந்து, தன்னிடம் இருப்பதிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்க கையில இருக்கு. இந்த மூணு மாசம் இரும்பு ஏறக்கூடாது. நாளையிலேருந்து மறுபடி அந்த மாத்திரை, தெனமும். திரும்பவும் ஏறிச்சுன்னா இவ பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வயலெல்லாம் அறுத்துத் தாள் மட்டும் நின்றது. மகளிர் குழுவில் செம்மொழிக்குப் பதிலாக வைத்திருந்தவள், “நாளைக்கே வந்துடுக்கா, என்னால அந்த அடுப்போட மாரடிக்க முடியல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“வேலைய விட்டுடு. நீயே இருந்து குடு” என்றான் இளவழகன். அவள் விடிகாலைக்குப் போட வேண்டிய செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

விடிகாலை ஐந்து அடிக்கப் போகிற நேரம். செம்மொழி தலையை முடிந்துகொண்டு வந்தபோது பொன்னுத்தாய் அடுப்படி மூலையில் குந்தியிருந்தாள். ஆஸ்பத்திரியில் உண்மை தெரிந்ததிலிருந்து பிள்ளைக்குத் தண்ணீர்கூட அவள் கையால் கொடுப்பதில்லை. தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

செம்மொழி அலமாரியிலிருந்து வெள்ளை மாத்திரை அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“நான் கெளம்பறேன் அண்ணி. அவள எழுப்பிக் குடுத்துடுங்க.”

பொன்னுத்தாய் நெருப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

“வேணாம்டி... என் கையால வேணாம். இந்தக் கை கரைச்சுக் கரைச்சு வாழைக்கு ஊத்தின கை. நீயே இரு. நீயே குடு. நான் கும்புடறேன்...”

“மூணு மாசம் இருக்கு அண்ணி. தொண்ணூறு நாளு. நான் ஒருத்தியே இத சொமக்க முடியாது.” “அவ உங்க கையால வாங்கினா மூஞ்சியச் சுளிக்காம குடிப்பா. என்கிட்ட சுளிப்பா. அது உங்களுக்கும் தெரியும்.”

“மறுபடி தப்பு நடந்துட்டா?”

“பயமாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் இல்லையா என்ன? ஆனா இனிமே இந்த ஊருலயே இத ஒழுங்கா குடுக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

பொன்னுத்தாய் அவள் புடவையை இழுத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செம்மொழி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். கல்யாணமாகி வந்து பதினைந்து வருஷத்தில் அந்தத் தலையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

படலைத் திறந்தாள். வாய் தானாக அந்தப் பழைய வாக்கியத்துக்குத் தயாரானது. சொல்லாமல் நின்றாள்.

உள்ளே டம்ளரில் கரண்டி கலக்குகிற சத்தம். வானதியின் தூக்கக் குரல். மடக்மடக்கென்று குடிக்கிற ஓசை. அப்புறம் பொன்னுத்தாயின் குரல்.

“இரு இரு... டம்ளர வைக்காத. அடியில தங்கியிருக்கு பாரு. தண்ணி ஊத்தறேன், அலசி அதையும் குடிச்சிடு என் தங்கம்... ஒரு பொட்டு விடாம குடிச்சிடு.”

செம்மொழி படலைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள்.